கடலுக்குள் இருக்கும் வரப்பு

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அவற்றைப் புரட்டினால் சாமி படங்களுக்கும் குழந்தைப் படங்களுக்கும் அடுத்து 'இயற்கைக் காட்சி' என்று சில தாள்கள் இருக்கும். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்து நிற்கும் தென்னை, ஆளே இல்லாத ஒரு தீவு. அது எந்த நாட்டுத் தீவு என்று அச்சடிப்பவருக்கும் தெரியாது, வாங்கி மாட்டுபவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஆளில்லாத் தீவுகள் 21, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கின்றன. சிவகாசியில் விடியற்காலை வேன் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அந்தக் கடலைப் பார்த்துவிடலாம்.

21 என்பது அரசுப் பதிவேட்டுக் கணக்கு. இன்றைக்குத் தண்ணீருக்கு மேலே இருப்பவை 19.

மீதி இரண்டு எங்கே போயின என்பது விவசாயிகளுக்கு எளிதில் புரியக்கூடிய கதைதான். வரப்பை வெட்டினால் வயல் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் மாவட்டத்தின் தண்ணீர் இந்தக் கடலுக்குத்தான் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள் சேர்ந்து வைப்பாறாகி, வெம்பக்கோட்டை அணையைத் தாண்டி சாத்தூருக்கு வருகிறது. அர்ச்சுனா நதி இருக்கன்குடியில் அதோடு சேர்கிறது. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் இரண்டு ஆற்றுக்கும் நடுவில் நின்றுதான் கும்பிடுகிறார்கள். அங்கிருந்து விளாத்திகுளம் வழியாகப் போய், சிப்பிக்குளம், கீழவைப்பாறு பக்கம் ஆறு கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் கடலுக்குள் இருப்பது காரைச்சல்லித் தீவு. அதன் பக்கத்தில் இருந்தது விலாங்குசல்லித் தீவு. முழுகிப்போன இரண்டில் அது ஒன்று.

இந்த உறவு இன்று நேற்று வந்ததும் அல்ல. வெம்பக்கோட்டை அருகே வைப்பாற்றங்கரையில் தொல்லியல் துறை 2022 முதல் தோண்டிய குழிகளில் சங்கு வளையல்களும் அறுத்த சங்குத் துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. கரிசல்காட்டில் சங்கு விளையாது. மன்னார் வளைகுடாவில் முங்கி எடுத்த சங்கு, ஆற்றோரமாகவே நடந்து இங்கே வந்து வளையலாகியிருக்கிறது.

எந்தத் தீவுக்குப் போகலாம்?

நினைத்த தீவில் இறங்கிவிட முடியாது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் கடலும் கரையும் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாயின. பரப்பு பெரிதாகத் தெரிந்தாலும் அதில் நிலம் என்று பார்த்தால் 21 தீவுகளும் சேர்ந்தே ஏறக்குறைய 623 ஹெக்டேர்தான், அதாவது 1,540 ஏக்கர் சொச்சம். ஒரு பெரிய கண்மாயின் ஆயக்கட்டு அளவு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதில் கால் வைப்பது குற்றம். தனியார் படகில் 'நாங்க இறக்கி விடுறோம்' என்று யாராவது சொன்னால் நம்பிப் போக வேண்டாம். பிடிபட்டால் படகுக்காரரோடு சேர்த்துப் போனவர் மேலும் வழக்கு வரும்.

பொதுமக்கள் முறையாகப் போய்ப் பார்க்க வழி உள்ளது ராமேஸ்வரம் பக்கத்துக் குருசடைத் தீவுக்குத்தான். பாம்பன் தாண்டியதும் வலப்பக்கம் குந்துகால். 1897-இல் சுவாமி விவேகானந்தர் கொழும்பிலிருந்து திரும்பியபோது கரையிறங்கிய இடம். அவர் நினைவு மண்டபமும் அங்கே இருக்கிறது. அங்கிருந்து வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு புறப்படும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பும் வேன்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை. அரை நாள் இருந்தால் போதும்.

குருசடை சுமார் 65 ஹெக்டேர், 160 ஏக்கர். குருசடி என்று மீனவர்கள் சொல்லும் சிறு சிலுவைக் கோயிலிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சென்னை மாகாண மீன்துறை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே உயிரியல் நிலையம் வைத்தது. தீவின் கரையோர உயிரினங்களை மட்டும் பட்டியலிட்டு சென்னை அருங்காட்சியகம் 1927-இல் தனி நூலே வெளியிட்டது. விலங்கியல் மாணவர்கள் பாடத்தில் படிக்கும் பலனோகுளோசஸ் என்ற உயிரி இங்கே மணலுக்குள் வாழ்கிறது. முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் உள்ளவற்றுக்கும் நடுவில் நிற்பது அது. ஆளைப் பார்ப்பது அரிது. ஆனால் வற்றின நேரத்தில் மணல்மேல் சுருள் சுருளாகக் கிடக்கும் அதன் எச்சத்தைப் பார்க்கலாம். மண்புழு எச்சத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும்.

'அண்ணே, அங்கே தண்ணி உண்டா?'

படகில் ஏறியதும் கரிசல்காட்டு ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. நாலு பக்கமும் உப்புக்கடல். நடுவே மணல் திட்டு. அதில் மரம் எப்படி நிற்கிறது?

வேம்பார்க் கடலில் இருக்கும் இரண்டு தீவுகளின் பெயரே பதில் சொல்லும். ஒன்று நல்லதண்ணித் தீவு, இன்னொன்று உப்புத்தண்ணித் தீவு. மணலில் விழும் மழைத்தண்ணீர் கீழே இறங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு. அதனால் கலக்காமல், அடியில் ஊறி நிற்கும் கடல்நீரின் மேலே ஒரு பருப்பு வடிவில் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. தீவு அகலமாக இருந்து, மணலைப் பிடிக்க மரம் செடி இருந்தால் அந்தப் பருப்பு தடிமனாக இருக்கும். தீவு குறுகிவிட்டாலோ, அளவுக்கு மீறி இறைத்துவிட்டாலோ அடியிலிருந்து உப்பு மேலே ஏறிவிடும்.

இதைச் சாயல்குடி, வேம்பார், குளத்தூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டால் அனுபவமாகவே சொல்வார்கள். 30 அடியில் நல்ல தண்ணீர் வந்த கிணற்றை 'இன்னும் கொஞ்சம் தோண்டினா இன்னும் நல்லா வரும்' என்று ஆழப்படுத்தி, உப்புக் கிணறாக்கிக்கொண்டவர்கள் அங்கே உண்டு. கடலோரக் கிணற்றில் ஆழம் கூடக்கூட லாபம் இல்லை. பரந்து, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே வழி.

தண்ணீருக்கு அடுத்தது மணல். குருசடைக் கரையில் இறங்கியதும் காலில் படுவது அடம்பங்கொடி. ஆட்டுக்குளம்பு போல இலை, ஊதா நிறப் பூ, மணல்மேல் பல அடிக்கு ஓடும் கொடி. கணுவுக்குக் கணு வேர் விடும். அதற்குச் சற்று மேட்டில் ராவணன் மீசைப் புல், முள் முள்ளாக. அதன் விதைக்கொத்து பந்து போல உருண்டு காற்றில் ஓடி, நின்ற இடத்தில் முளைக்கும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அடுத்த சோழகக் காற்றுக்கு மணல் பறந்துவிடும். வரப்பில் அருகம்புல்லும் வெட்டிவேரும் செய்கிற அதே வேலை. தீவில் நடக்கிறவர்கள் போட்டோ எடுக்கிற ஆசையில் இந்தக் கொடியை மிதித்து அறுத்துவிடக்கூடாது என்று வனத்துறை ஆட்கள் சொல்வது இதற்காகத்தான்.

சேறு படிந்த ஓரத்தில் அலையாத்தி மரங்கள். களர் நிலத்தில் பயிர் கருகுவதைப் பார்த்து வருந்துகிறவர்கள் இந்த மரத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். கடல்நீரிலேயே நிற்கிறது. சில வகைகள் வேரிலேயே உப்பை வடிகட்டிவிடுகின்றன, சில வகைகள் உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகின்றன. இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேல்நோக்கி வளர்ந்து, பென்சில் நட்டு வைத்தது போல வெளியே நீட்டிக்கொண்டு மூச்சு வாங்கும். நெல் வயலில் தண்ணீரைக் கட்டி வைத்துவிட்டு வேர் கறுப்பாகிறதே என்று கேட்கிறவர்களுக்கு இங்கே ஒரு பாடம் இருக்கிறது.

பவளம் என்னும் கூட்டு வேளாண்மை

கண்ணாடித்தளப் படகோ, தெளிந்த தண்ணீரோ வாய்த்தால் பவளப்பாறை தெரியும். பாறை என்பது பேச்சுக்குத்தான். அது கல் அல்ல, உயிர். நெல்மணி அளவுள்ள சிறு பிராணிகள் லட்சக்கணக்கில் கூடி, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டே போகின்றன. பழைய கூட்டின் மேல் புதியது. மான்கொம்பு போலக் கிளைவிடும் வகை ஆண்டுக்குச் சில அங்குலம் வளரும். மூளை போல உருண்டு திரண்ட வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. ஒரு முழ உயரமுள்ள உருண்டைப் பவளம் என்றால் அதற்கு வயது 45-க்குக் குறையாது; ஒரு தென்னந்தோப்பின் வயது. மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன.

இந்தப் பிராணிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? அதன் உடம்புக்குள்ளேயே ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் அந்தப் பாசி உணவு தயாரித்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. வீட்டுக்காரர் இடமும் சத்தும் கொடுக்கிறார். உளுந்து, பாசிப்பயறு வேர் முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா இருப்பது போன்ற ஏற்பாடு. அதனால்தான் பவளத்துக்குத் தெளிந்த, ஆழம் குறைந்த, வெயில் இறங்கும் கடல் வேண்டும். கடல் வெப்பம் வழக்கமான கோடை அளவைவிட ஒன்று இரண்டு டிகிரி கூடி அப்படியே சில வாரம் நின்றால் இந்த உறவு முறிந்துவிடும். பாசி வெளியேறும், பவளம் வெள்ளை வெளேரென்று ஆகும். சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் செத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது.

தீவு நிற்பதே இந்தப் பவளத்தின் தயவில். திறந்த கடலிலிருந்து வரும் அலை முதலில் பவளத் திட்டில் மோதி உடைகிறது. வேகம் குறைந்துதான் தீவுக் கரைக்கு வருகிறது. தீவின் மணலும் பெரும்பாலும் பவளமும் சிப்பியும் உடைந்து பொடியானதுதான். காரைச்சல்லி, விலாங்குசல்லி, புலுவினிசல்லி என்று பெயர்களிலேயே சல்லி இருக்கிறது. ஆக, மண்ணைக் கொடுப்பதும் அதுவே, மண்ணைக் காப்பதும் அதுவே.

அந்த வரப்பைத்தான் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள்.

சுண்ணாம்புக் காளவாசலுக்கும், வீட்டு அடிமானத்துக்கும், கார்பைடு தொழிற்சாலைக்கும் தூத்துக்குடி, மண்டபம் கடலிலிருந்து படகு படகாகப் பவளக்கல் வந்தது. கடப்பாரையால் பெயர்த்து ஏற்றினார்கள். எடுத்தவர்கள் பெரும்பாலும் ஏழை மீனவர்கள். மீன் இல்லாத நாளில் அது ஒரு கூலி. வாங்கியவர்களுக்கு அது மலிவான, சுத்தமான சுண்ணாம்பு. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு வளரும் இடம் போகிறதே என்று எடுத்தவர்களுக்கே தெரியாமலும் இல்லை. கூடவே தோட்டா போட்டு மீன் பிடிப்பதும் நடந்தது. வெடிமருந்தோடு பிழைக்கிற ஊர்க்காரர்களுக்கு அது பவளத்தை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. ஆனாலும் வெட்டுவது முழுதாக நின்றது 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான். மன்னார் வளைகுடாக் கரைக்குப் பெரிய சேதம் வரவில்லை. இலங்கை குறுக்கே இருந்ததும் தீவுகளும் பவளத் திட்டுகளும் காவல் நின்றதும் காரணம் என்று மீனவர்கள் பேசிக்கொண்டார்கள். இலங்கையின் தென்மேற்குக் கரையில் நடந்தது இதற்கு மறுபக்கம். ஹிக்கடுவையில் பவளப்பாறை காப்பாற்றப்பட்டிருந்தது, அலை கொஞ்ச தூரமே உள்ளே வந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே பெரலியாவில் பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்திருந்தார்கள். அங்கேதான் அலை ஒரு ரயிலையே தூக்கிப் புரட்டியது. மாலத்தீவின் தலைநகர் மாலேயும் பவளக்கல்லில் கட்டிய ஊர்தான். 1987-இல் கடல் ஊருக்குள் வந்த பிறகு ஜப்பான் உதவியோடு கான்கிரீட் தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. இலவசமாக இருந்த வரப்புக்குப் பதில் கோடிகள் கொட்டிய வரப்பு.

மன்னார் வளைகுடாவில் வெட்டுவது நிற்பதற்குள் விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டித் தீவும் தண்ணீருக்குள் போய்விட்டன. இரண்டும் சிறியவை, விலாங்குசல்லி இரண்டரை ஏக்கருக்கும் குறைவு. பவளம் வெட்டியதோடு கடல்மட்டம் உயர்ந்ததும் சேர்ந்து செய்த வேலை அது. பூவரச மரத்தின் பெயரைச் சுமந்த தீவில் இன்று மீன் ஓடுகிறது.

தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. 1986-இல் 16 ஹெக்டேர், 40 ஏக்கர் இருந்தது. 2016 வாக்கில் ஐந்து ஏக்கர்கூடத் தேறவில்லை, நடுவே உடைந்து இரண்டு துண்டாகவும் ஆனது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐஐடியும் தமிழ்நாடு அரசோடு சேர்ந்து ஒரு வேலை செய்தன. மேலே குறுகி அடியில் அகன்ற, பக்கமெல்லாம் துளை விட்ட, ஆளுயரத்துக்கு மேலான கான்கிரீட் கூடுகளைத் தீவுக்கு முன்னால் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். 2015-இல் தொடங்கி 10,000-க்கும் மேல். அலை அதில் மோதித் துளை வழியே வலுவிழந்து வருகிறது. தீவுக்கும் அந்த வரிசைக்கும் நடுவில் மணல் தங்குகிறது. மண் அரிக்கும் ஓடையில் கல் அடுக்கித் தடுப்பணை போட்டால் பின்னால் வண்டல் சேருமே, அதே கொள்கை. தீவு தேய்வது நின்றது, மணல் கொஞ்சம் சேரவும் தொடங்கியது. கூடுகளின் மேலேயே பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர்கின்றன, மீனும் அடைகிறது.

இப்போது முறை காரைச்சல்லிக்கு. 1969-இல் சுமார் 50 ஏக்கர் இருந்த தீவு இன்று பத்து ஏக்கர் தேறுவதே சந்தேகம் என்ற நிலையில் நிற்கிறது. வான் தீவில் செய்ததையே இங்கும் செய்ய, உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு திட்டம் அறிவித்திருக்கிறது. வைப்பாற்றுக்கு எதிரே இருக்கும் தீவு என்பதால் சாத்தூர், சிவகாசி, விளாத்திகுளம் மக்கள் இந்தத் திட்டம் என்ன ஆகிறது என்று கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடலிலும் ஒரு சீமைக்கருவேல்

சீமைக்கருவேலோடு போராடிய மாவட்டத்துக்கு இதுவும் புரியும். கப்பாபைகஸ் என்ற கடல்பாசி பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. 1990-களில் மண்டபத்தில் ஆய்வுக்காக வளர்த்து, 2000-க்குப் பிறகு வணிகமாக வளர்க்கப்பட்டது. மூங்கில் மிதவையில் கட்டி வளர்த்தால் 45 நாளில் அறுவடை, பெண்களுக்கு நல்ல வருமானம். விவசாயிகள் இலைவழியாகத் தெளிக்கும் கடல்பாசிச் சாற்றில் பல இந்தப் பாசியிலிருந்து வருபவையே. ஆனால் மிதவையிலிருந்து அறுந்த துண்டுகள் 2008 வாக்கில் குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் பற்றிக்கொண்டது தெரியவந்தது. போர்வை போல மூடி வெயிலை மறைத்துப் பவளத்தைச் சாகடித்தது. கையால் பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கொஞ்சம் விட்டால் மறுபடி. வேலி காக்க வந்த மரம் காட்டையே பிடித்த கதைதான். பாசி வளர்ப்பு கெட்டது என்பது பொருள் அல்ல. எங்கே வளர்ப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும். அந்தக் கண்டிப்பைத் தளர்த்தக் கேட்கிறவர்கள் குருசடையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

இதில் இன்னொரு தரப்பும் உண்டு. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைக்கிறவர்கள். தேசியப் பூங்கா வந்ததும் அவர்கள் தொழில் செய்த இடமே தடை செய்யப்பட்ட இடமாயிற்று. துணியைச் சுற்றிய விரலோடு, தகரத்தட்டைச் செருப்பாகக் கட்டிக்கொண்டு இறங்கும் அந்தப் பெண்கள், பவளத்தை உடைக்காமல் கையால் மட்டும் எடுப்பது, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மேய்ச்சல் புறம்போக்கில் ஆடு விடத் தடை போட்டால் கிராமத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று யோசித்தால் அவர்கள் மனக்குறை விளங்கும். காவலும் வேண்டும், அவர்கள் வயிறும் நிறைய வேண்டும். தீவைப் பார்க்க வருகிறவர்கள் தரும் கட்டணத்தில் ஒரு பங்காவது கரையோரக் குடும்பங்களுக்கு வேலையாகப் போய்ச் சேர்ந்தால்தான் இந்தக் காவல் நிலைக்கும்.

மேலே இருப்பவர்கள் செய்யக்கூடியது

பவளத்துக்குக் கலங்கல் ஆகாது. மண் படிந்தால் பாசிக்கு வெயில் கிடைக்காது, பிராணிக்கு மூச்சு முட்டும். கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் கரையும். ஐப்பசி முதல் மழையில் வைப்பாறு கறுத்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு மழையில் எவ்வளவு மேல்மண் போகிறது என்று தெரியும். அந்த மண் விருதுநகர் விவசாயிக்கும் நஷ்டம், காரைச்சல்லிப் பவளத்துக்கும் கேடு. சரிவுக்குக் குறுக்கே உழுவது, கோடை உழவு, சம உயர வரப்பு, ஓடையோரம் வெட்டிவேர், பண்ணைக்குட்டை என்று வேளாண்மைத் துறை காலங்காலமாகச் சொல்வது எல்லாம் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் ஈரம் தங்க வேண்டும் என்றுதான். அதன் பலன் கடல்வரை போகிறது என்பது கூடுதல். இன்னொன்று, காலியான பூச்சிமருந்துப் பாட்டிலை வாய்க்காலில் எறியும் பழக்கம். அது கண்மாயில் நிற்காது.

பறவை பார்க்க ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. முயல் தீவும் மனோலித் தீவும் குளிர்காலத்தில் வலசைப் பறவைகளின் இறங்குதுறை. உள்ளான் வகைகள் கூட்டம் கூட்டமாக வரும். பூநாரையும் வரும். கண்மாயில் உள்ளானைப் பார்த்தவர்கள் இங்கே அதன் பங்காளிகளை எல்லாம் பார்க்கலாம். அந்தத் தீவுகளில் இறங்க வழி இல்லை. கரையிலிருந்தும் படகிலிருந்தும் பார்க்கிற அளவுக்குத்தான். கடல் பசு என்னும் ஆவுளியா கடற்புல் மேய்கிற பிராணி. இதைப் பார்க்கும் பாக்கியம் மீனவர்களுக்கே அபூர்வம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே கன்று போடும். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு அதன் எண்ணிக்கை ஏன் கூடவில்லை என்பது இதிலேயே புரியும்.

போக ஏற்ற காலம் தை முதல் சித்திரை வரை. ராமேஸ்வரத்து மீனவர்கள் பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், சோழகம் வீசும் ஆனி முதல் ஆவணி வரை தென்கடல் பொல்லாதது. காற்று பலத்தால் படகு விட மாட்டார்கள், தண்ணீரும் கலங்கி ஒன்றும் தெரியாது. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் ஓய்ந்திருக்கும் வாரங்களில் போக நினைப்பவர்கள் மழையையும் புயல் எச்சரிக்கையையும் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். எப்படியானாலும், புறப்படும் முன் ராமநாதபுரத்தில் உள்ள மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்திலோ குந்துகால் சீட்டுக் கவுண்டரிலோ அன்று படகு உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வார் வைத்த செருப்பு, தொப்பி, குடிதண்ணீர் அவசியம். பிளாஸ்டிக் பையும் தின்பண்டப் பொட்டலமும் கரையிலேயே விட்டுவிட வேண்டும். உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்கும் பவளத் துண்டு, செத்துக் கிடந்ததே ஆனாலும், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது.